ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள்

ரத்த தான முகாமுக்குள் நுழைந்ததும் முதலில் கையில் கொடுப்பது ஒரு தாள். பெயர், வயது, எடை, கைப்பேசி எண் எழுதும் இடத்துக்குக் கீழே கேள்விகள் வரிசையாக இருக்கும். நேற்று இரவு சரியாகத் தூங்கினீர்களா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? அண்மையில் காய்ச்சல் வந்ததா? பல் பிடுங்கினீர்களா? ஓராண்டுக்குள் பச்சை குத்திக்கொண்டீர்களா? நாய் கடித்து ஊசி போட்டீர்களா? மஞ்சள் காமாலை வந்ததுண்டா? அதற்கும் கீழே, பக்கத்தில் நிற்கும் நண்பர் பார்த்துவிடக் கூடாதே என்று கையால் மறைத்துக்கொண்டு பதில் எழுத வேண்டிய இரண்டு மூன்று கேள்விகள்.

கல்லூரி முகாம்களில் இந்தத் தாள் படும் பாடு தனி. முதல் கேள்வியை அரைகுறையாகப் படித்துவிட்டு, 'இல்லை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக டிக் போட்டுக்கொண்டே போய்விடுவார்கள். 'நேற்று தூங்கினீர்களா' என்பதற்கும் 'இல்லை' என்றே பதில் விழுந்திருக்கும். பிஸ்கட்டும் பழச்சாறும் எங்கே கொடுக்கிறார்கள், சான்றிதழோடு போட்டோ எடுக்க எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் எல்லோருக்கும் கவனம்.

ரத்தத்தைப் பரிசோதிக்க இன்று நுட்பமான கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கருவிகள் எதையும் பார்க்க முடியாத சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நோயாளிக்கு இருக்கும் ஒரே காவல், கொடையாளர் அந்தத் தாளில் எழுதும் உண்மை. இது எப்படி என்று புரிய, ஒரு பை ரத்தம் கொடையாளரின் கையிலிருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும் வழி முழுவதையும் பார்க்க வேண்டும்.

துளி மூழ்கினால் தேர்ச்சி

இந்தியாவில் சட்டத்தின் கண்ணுக்கு ரத்தமும் ஒரு மருந்துதான். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகள்தான் ரத்த மையங்களையும் ஆள்கின்றன. 2020 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளின்படி 18 முதல் 65 வயது வரை ரத்தம் கொடுக்கலாம். முதன்முறையாகக் கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எடை குறைந்தது 45 கிலோ. அந்த எடைக்கு 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுக்கலாம். ஹீமோகுளோபின் ஆணுக்கும் பெண்ணுக்கும் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது.

ஹீமோகுளோபினைப் பார்க்க இப்போது கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் பல முகாம்களில் இன்றும் மேசைமேல் நீல நிறக் கரைசல் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும். அது மயில்துத்தக் கரைசல். ஒப்படர்த்தி 1.053 இருக்கும்படி அளந்து தயாரித்தது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை அதன்மேல் விடுகிறார்கள். கரைசலைத் தொட்டதும் துளியைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உருவாகிவிடுவதால், சில நொடிகளுக்கு அது கலையாமல் முழுத் துளியாகவே இருக்கும். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்கு மேல் இருந்தால் துளி கரைசலைவிடக் கனமாக இருக்கும். 15 நொடிக்குள் நேராக அடியில் போய் உட்காரும். குறைவாக இருந்தால் தயங்கித் தயங்கி நடுவில் நிற்கும், அல்லது மேலே ஏறி வரும். மின்சாரமோ கணினியோ இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்துவிடுகிறது.

இந்தத் தேர்வில் அதிகம் திருப்பி அனுப்பப்படுபவர்கள் பெண்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. கொடுக்க மனம் இருந்தும் கொடுக்க முடியாமல் திரும்பும் பெண்ணுக்கு அந்த நீலக் கரைசல் ஒரு இலவச மருத்துவப் பரிசோதனை. அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் காத்திருக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இரும்புச்சத்து. உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஓரிரு நாட்களில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் முழுமையாக ஈடாகச் சில வாரங்கள் ஆகும். இரும்புச்சத்துதான் தாமதப்படுத்துகிறது. 450 மில்லி ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பும் போகிறது. நாம் சாப்பிடும் உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம். கணக்குப் போட்டால் மூன்று நான்கு மாதம் வந்துவிடும். மாதவிடாயில் ஏற்கெனவே இரும்பை இழக்கும் பெண்களுக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்திருப்பது அதனால்தான்.

தாளில் உள்ள கேள்விகளில் ஒரு பகுதி கொடையாளரைக் காக்கவும் மறு பகுதி நோயாளியைக் காக்கவும் கேட்கப்படுபவை. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்பவை முதல் வகை. வெறும் வயிற்றோடும் தூக்கக் கலக்கத்தோடும் படுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். பச்சை குத்தியது, காமாலை, மலேரியா, டெங்கு, பாதுகாப்பற்ற உறவு பற்றியவை இரண்டாம் வகை. பச்சை குத்தியிருந்தால் ஓராண்டு, டெங்கு வந்து குணமாகியிருந்தால் ஆறு மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருப்புக் காலம் வகுத்திருக்கிறார்கள்.

பைக்குள் இருக்கும் நீர்

படுக்கையில் படுத்து, பந்தைக் கையில் பிடித்து அமுக்கும்போது ஊசியைப் பார்த்துப் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாதாரண ஊசியைவிட அது தடிமன்தான். மெல்லிய ஊசியில் எடுத்தால் ரத்தம் மெதுவாக ஏறும், குழாயிலேயே உறையத் தொடங்கும், சிவப்பணுக்களும் நெரிபடும். தடித்த ஊசியால் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது.

ஊசியைக் குத்தும் இடத்தை ஆல்கஹாலும் அயோடினும் போட்டுத் துடைத்துக் காயவிடுகிறார்கள். எவ்வளவு துடைத்தாலும் தோலின் துளைகளுக்குள் பாக்டீரியா இருக்கத்தான் செய்யும். ஊசி உள்ளே போகும்போது அரிசிமணியைவிடச் சிறிய தோல் துணுக்கு ஒன்றும் கூடவே வெட்டுப்பட்டு வரலாம். அதற்காகவே இப்போதைய பைகளில் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பை வைத்திருக்கிறார்கள். முதலில் வரும் சுமார் 30 மில்லி ரத்தம் அந்தக் குட்டிப் பைக்குள் போகும். அதைத்தான் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள். பிறகு வரும் ரத்தம் மட்டும் பெரிய பைக்குப் போகும்.

பெரிய பை காலியாகவும் இருப்பதில்லை. 350 மில்லி பையில் 49 மில்லி கரைசல் ஏற்கெனவே இருக்கும். அதில் சிட்ரேட், பாஸ்பேட், டெக்ஸ்ட்ரோஸ், அடினின் என்று நான்கு பொருட்கள். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் தேவை. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. டெக்ஸ்ட்ரோஸ் சிவப்பணுக்களுக்கு உணவு. அடினின் அவற்றின் ஆற்றலைத் தக்கவைக்கிறது. பையைத் தாங்கும் கருவி மெல்ல ஆடிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வரும் ரத்தம் ஒவ்வொரு சொட்டும் இந்தக் கரைசலோடு கலக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. அளவு வந்ததும் கருவியே குழாயை அடைத்துவிடும்.

சிட்ரேட் கண்டுபிடிப்புக்கு முன்பு ரத்தத்தைச் சேமிக்கவே வழியில்லை. கொடுப்பவரையும் பெறுபவரையும் பக்கத்தில் படுக்கவைத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. 1914-15 ஆண்டுகளில் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டின், அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டே, அமெரிக்காவில் ரிச்சர்ட் லூயிசோன் ஆகியோர் தனித்தனியாக சிட்ரேட்டைப் பயன்படுத்திக் காட்டினார்கள். முதல் உலகப் போரின்போது போர்க்களத்துக்கு அருகே ரத்தத்தை முன்கூட்டியே எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். 1937-ல் சிகாகோவின் குக் கவுன்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபேன்டஸ் தொடங்கியதற்குத்தான் முதன்முதலில் ரத்த வங்கி என்ற பெயர் வந்தது. அப்போதெல்லாம் கண்ணாடிக் குப்பிதான். 1950-ல் அமெரிக்காவில் கார்ல் வால்ட்டர் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்த பிறகுதான் உடைவதும், காற்று நுழைவதும் குறைந்தன. இந்தியாவுக்கான பையின் தொழில்நுட்பத்தைத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் உருவாக்கியது. அதன்பின் இறக்குமதியை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது.

ஒரு கொடை, மூன்று நோயாளிகள்

முகாமிலிருந்து வந்த பையை அப்படியே நோயாளிக்கு ஏற்றுவது இப்போது அரிது. பையோடு இரண்டு மூன்று காலிப் பைகள் குழாய்களால் இணைந்திருக்கும். இவை மூடிய அமைப்பு. திறந்து ஊற்றும் வேலையே இல்லை. சில மணி நேரத்துக்குள் அவற்றை ஒன்றாக மடித்துச் சுழல்பொறியில் வைக்கிறார்கள். வேகமாகச் சுழன்றதும் கனமான சிவப்பணுக்கள் அடியில் படிகின்றன. மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கிறது. தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட்டுகளை, இன்னொரு சுழற்சியில் பிரித்தெடுக்கிறார்கள். அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றையும் அதனதன் பைக்கு அனுப்பிக் குழாயை வெப்பத்தால் அடைத்து வெட்டிவிடுகிறார்கள்.

மூன்றுக்கும் மூன்று விதமான வீடு வேண்டும். சிவப்பணுக்களுக்கு 2 முதல் 6 டிகிரி செல்சியஸ். சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாட்கள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே உறையவைத்தால் ஓராண்டு இருக்கும். தட்டணுக்கள் குளிரைத் தாங்காது. உறைய வைக்கவும் கூடாது. 20 முதல் 24 டிகிரியில், இரவும் பகலும் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டுகளில், தொட்டில் குழந்தையைப் போல வைத்திருக்க வேண்டும். அப்படியும் ஆயுள் 5 நாட்கள்தான். சாதாரண அறை வெப்பத்தில் இருப்பதால் பாக்டீரியா பெருகும் ஆபத்தும் தட்டணுப் பையில்தான் அதிகம்.

ஒருவரின் ரத்தம் பிரசவத்தில் அதிகம் உதிரம் போன தாய்க்குச் சிவப்பணுவாகவும், தீக்காயம் பட்டவருக்குப் பிளாஸ்மாவாகவும், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குத் தட்டணுவாகவும் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் டெங்கு பரவும்போது வாட்ஸ்அப் குழுக்களில் 'அவசரம், பிளேட்லெட் தேவை' என்று செய்திகள் குவிவதும், அடுத்த மாதம் அந்தச் செய்திகள் ஓய்ந்துவிடுவதும் இந்த ஐந்து நாள் ஆயுளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. முன்கூட்டியே எடுத்துச் சேர்த்து வைக்க முடியாத ஒரு பொருளுக்கு, ஆண்டு முழுக்கச் சீராக வரும் கொடையாளர்கள்தான் கிடங்கு.

ஐந்து பரிசோதனைகள்

பிரித்த பைகள் உடனே விநியோகத்துக்குப் போகாது. பரிசோதனை முடியும்வரை அவற்றுக்குத் தனி இடம். அதில் இருப்பதை யாரும் எடுக்கக் கூடாது. குட்டிப் பையில் எடுத்த மாதிரியில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்து பரிசோதனைகள் நாடு முழுக்கக் கட்டாயம். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அந்தக் கொடையில் பிரிந்த எல்லாப் பைகளையும் அழித்துவிடுவார்கள். கொடையாளரைத் தனியாக அழைத்துச் சொல்லி, ஆலோசனைக்கு அனுப்ப வேண்டும். எச்.ஐ.வி. என்றால் தமிழ்நாட்டில் அவர் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம்.

கூடவே ரத்த வகையை இரண்டு முறை பார்க்கிறார்கள். கொடையாளரின் சிவப்பணுக்களைத் தெரிந்த எதிர்ப்புப் புரதங்களோடு கலந்து பார்ப்பது ஒன்று. அவருடைய பிளாஸ்மாவைத் தெரிந்த வகைச் சிவப்பணுக்களோடு கலந்து பார்ப்பது மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1952-ல் மும்பையில் ஒய்.எம்.பேண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்த பம்பாய் ரத்த வகை சாட்சி. முதல் பரிசோதனையில் இது ஓ வகையாகவே தெரியும். ஆனால் ஓ வகைச் சிவப்பணுக்களில்கூட இருக்கும் எச் என்ற பொருள் இந்த வகை உள்ளவர்களுக்கு இல்லை. அதனால் இவர்களின் பிளாஸ்மா ஓ வகை ரத்தத்தையும் தாக்கும். யாருக்கும் ஓ வகை கொடுக்கலாம் என்ற பொது நம்பிக்கையோடு இவர்களுக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாம் சரி என்று தேறிய பைக்கு லேபிள். ஓ வகைக்கு நீலம், ஏ வகைக்கு மஞ்சள், பி வகைக்கு இளஞ்சிவப்பு, ஏபி வகைக்கு வெள்ளை. அவசரத்தில் ஓடிவரும் கை தவறான பையைத் தொடாமல் இருக்க விதி வகுத்த நிறங்கள் இவை. லேபிளில் கொடையாளர் பெயர் இருக்காது. எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை வைத்து எந்தக் கொடை, எந்தப் பரிசோதனை, எந்த நோயாளி என்று முன்னும் பின்னும் தேடிப் பிடிக்கலாம்.

கருவிக்குத் தெரியாத நாட்கள்

இவ்வளவு இருந்தும் எங்கே ஓட்டை? ஒரு வைரஸ் உடலுக்குள் நுழைந்த அன்றே பரிசோதனையில் தெரிந்துவிடாது. அது பெருக வேண்டும். உடல் அதை எதிரி என்று கண்டு எதிர்ப்புப் புரதங்களை உருவாக்க வேண்டும். வைரஸையும் எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நவீன எலைசா பரிசோதனையிலும் எச்.ஐ.வி. புலப்பட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஹெபடைடிஸ் பி-க்கு ஒரு மாதத்துக்கு மேல். எதிர்ப்புப் புரதத்தை மட்டும் தேடும் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி புலப்படச் சுமார் இரண்டு மாதம். தொற்று உடலில் இருக்கிறது, ரத்தத்தின் வழியே பரவும், ஆனால் பரிசோதனை 'இல்லை' என்று சொல்லும் இந்த நாட்களைத்தான் மருத்துவர்கள் சாளரக் காலம் என்கிறார்கள்.

வைரஸின் மரபுப் பொருளையே பல கோடி மடங்கு பெருக்கித் தேடும் நாட் பரிசோதனை இந்தக் காலத்தைக் குறுக்குகிறது. எச்.ஐ.வி.-யில் சுமார் பத்து நாட்களாகவும், ஹெபடைடிஸ் சி-யில் சில நாட்களாகவும் குறைகிறது. ஆனால் பூஜ்யமாவதில்லை. இந்தியாவில் நாட் பரிசோதனை சட்டப்படி கட்டாயமும் இல்லை. செலவு அதிகம் என்பதால் எல்லா மையங்களிலும் இல்லை.

கடந்த வாரம் ஆபத்தான சூழ்நிலைக்கு ஆளான ஒருவர் இன்று வரிசையில் நின்றால், நாட் இருக்கும் மையத்திலும் அவர் ரத்தம் 'பாதுகாப்பானது' என்று வர வாய்ப்புண்டு. அந்த வாரத்தைப் பற்றித் தெரிந்தவர் உலகில் அவர் ஒருவர்தான். அவரிடம் கேட்பதற்காகத்தான் அந்தத் தாள். 'டெஸ்ட் பண்ணிக்குவாங்க, நமக்கென்ன' என்று நினைப்பதும், இலவசமாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று ரத்தம் கொடுக்க வருவதும் ஆபத்தாவது இங்கேதான். பரிசோதனைதான் வேண்டும் என்றால் நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகச் செய்கிறார்கள்.

மனிதத் தவறு வேறு. விருதுநகர் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதைக் கொடுத்த இளைஞர் ஈராண்டுக்கு முன்பே ஒரு முறை கொடுத்தபோது தொற்று தெரியவந்திருந்தும், அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் அவருக்கே உண்மை தெரிந்தது. உடனே மருத்துவமனைக்குத் திரும்பி வந்து, நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று சொன்னவர் அவர்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பரிசோதனை, பதிவேடு, தகவல் மூன்றும் வழுக்கிய இடத்தில் தவறை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது கொடையாளரின் நேர்மை.

விலைக்கு வாங்கிய காலம்

கொடையாளரின் வாய்மை இவ்வளவு முக்கியம் என்றால், அவர் எதற்காகக் கொடுக்கிறார் என்பதும் முக்கியமாகிவிடுகிறது. பணத்துக்காகக் கொடுப்பவர் காமாலை வந்ததைச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். பிரிட்டனின் சமூகவியல் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-ல் எழுதிய நூலில், விலைக்கு ரத்தம் வாங்கும் அமெரிக்க முறையையும் விலையில்லாமல் பெறும் பிரிட்டன் முறையையும் ஒப்பிட்டு இதைத்தான் வாதிட்டார்.

பிரிட்டனே அந்தப் பாடத்தைக் கசப்பாகப் படித்தது. 1970, 80-களில் ஹீமோபிலியா நோயாளிகளுக்காக அமெரிக்காவிலிருந்து ரத்தம் உறையும் காரணி மருந்தை இறக்குமதி செய்தார்கள். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்துத் தயாரித்த மருந்து அது. கைதிகள் உட்படக் காசு வாங்கிக் கொடுத்தவர்களும் அதில் அடக்கம். அந்த மருந்தாலும், பரிசோதிக்காத ரத்தத்தாலும் அங்கே 30,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தது. சுமார் 3,000 பேர் இறந்தனர். இதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 2024 மே மாதம்தான் வெளிவந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்ததே சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மூன்றாண்டுகளில் கொடை ரத்தத்துக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமானது. ஆனாலும் மருத்துவமனை வாசலில் நின்று காசுக்கு ரத்தம் விற்பவர்கள் தொண்ணூறுகள் வரை இருந்தார்கள். காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நாடு முழுக்கத் தடையானது. இன்று ரத்த மையத்தில் நாம் கட்டுவது ரத்தத்தின் விலை இல்லை. பைக்கும் பரிசோதனைக்கும் சேமிப்புக்குமான செயலாக்கக் கட்டணம்.

சொந்தக்காரர் ரத்தம்தான் நல்லதா?

காசு போனாலும் நெருக்கடி போகவில்லை. 'அட்டெண்டர் யாராவது ரெண்டு பேர் ரத்தம் கொடுத்தால்தான் ஆபரேஷன்' என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. மாமா படுத்திருக்கிறார், வெளியே குடும்பமே காத்திருக்கிறது. அப்போது கையில் வரும் தாளில், போன மாதம் நடந்ததை ஒரு மருமகன் எப்படி எழுதுவான்? பக்கத்தில் மாமியார் நிற்கிறார். காசு செய்த அதே வேலையை இங்கே கூச்சம் செய்துவிடுகிறது.

சொந்த ரத்தமே சுத்தம் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதரவும் இல்லை. பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு போன்ற நெருங்கிய ரத்த உறவுகளின் வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அந்நியமென்று அடையாளம் காணத் தவறலாம். அப்போது அந்த அணுக்கள் உள்ளே குடியேறி நோயாளியின் திசுக்களையே தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். அதனால் உறவினர் ரத்தத்தை ஏற்றும் நிலை வந்தால் கதிர்வீச்சு செலுத்திய பிறகுதான் ஏற்ற வேண்டும். பிள்ளை பெறும் வயதிலுள்ள மனைவிக்குக் கணவரின் ரத்தத்தையும் மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். அதற்கு எதிராக அவள் உடலில் உருவாகும் புரதங்கள் அடுத்த கருவைப் பாதிக்கலாம். யாரென்றே தெரியாத ஒருவர், யாரும் வற்புறுத்தாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கொடுத்துவிட்டுப் போன ரத்தம்தான் நோயாளிக்கு நல்லது.

முப்பது நிமிடக் கணக்கு

ரத்த மையத்திலிருந்து வார்டு வரையுள்ள தூரம் சிறிதுதான். ஆனால் பாதி வழியில் பை நம் கைக்கு வருகிறது. நோயாளியின் மாதிரியோடு கொடை ரத்தத்தைக் கலந்து பார்க்கும் கிராஸ் மேட்ச் முடிந்ததும், பையை வாங்கி வர அட்டெண்டரைத்தான் அனுப்புவார்கள். வாங்கியதும் நேராகப் போக வேண்டும். டீக்கடையில் நிற்கக் கூடாது. நேரடியாக ஐஸ் கட்டிமேல் வைத்தால் சிவப்பணுக்கள் உறைந்து வெடிக்கும். சில்லென்று இருக்கிறதே என்று அக்குளில் இடுக்கிக்கொள்வதும் வெந்நீரில் வைப்பதும் அதைவிட மோசம். குளிரிலிருந்து வெளியே வந்து 30 நிமிடத்துக்கு மேலான பையை மையம் திரும்ப வாங்கிக்கொள்ளாது. ஏற்றத் தொடங்கினால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

வார்டில் நடக்கும் பெரும் தவறு கிருமி சம்பந்தப்பட்டதல்ல, பெயர் மாறுவது. வேறு வகை ரத்தம் உடலுக்குள் போனதும் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள் இருந்தால் போதும். 'நீங்கதானே மாரியம்மாள்?' என்று கேட்டால் மருந்து மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். 'உங்க பேர் என்னம்மா?' என்று கேட்டு, அவர் வாயிலிருந்து பெயரை வரவழைத்து, பையின் எண்ணையும் சீட்டின் எண்ணையும் இரண்டு பேர் சேர்ந்து படித்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் மெதுவாகச் சொட்டவிட்டு, நர்ஸ் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் என்று நோயாளி சொன்னால் 'குளிருதாம்' என்று போர்வை போர்த்திவிட்டு உட்கார்ந்துவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அந்த நொடியே சொட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

நம் பங்கு

ரத்தத்தின் பாதுகாப்பில் கருவிகள் செய்வதை மையங்கள் பார்த்துக்கொள்ளும். கருவியால் முடியாததைக் கொடையாளர்தான் செய்ய வேண்டும். அவசரச் செய்திக்காகக் காத்திருக்காமல், உடல்நலம் இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டு, காலையில் இட்லியோ பொங்கலோ சாப்பிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் எழுதுங்கள். ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சங்கடமாக இருந்தால், 'இன்று வேண்டாம், உடம்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் வந்தாலோ, சொல்லாமல் விட்டது உறுத்தினாலோ, மையத்தை உடனே தொலைபேசியில் அழைத்து 'என் பையைப் பயன்படுத்த வேண்டாம்' என்று சொல்லுங்கள். எண்ணை வைத்து எடுத்துவிடுவார்கள். ஒரு பை வீணாவதால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லாமல் விட்ட ஒரு உண்மை, உங்களை நம்பிக் கை நீட்டிப் படுத்திருக்கும் முகம் தெரியாத ஒருவரின் வாழ்நாளைக் கெடுத்துவிடும்.